போர்டில் ஒரு மஞ்சள் கோடு

“எலி இல்லண்ணே, இது மனுசங்க வேலை.” மெக்கானிக் போனில் யாரிடமோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னதல்ல. டீ டம்ளரோடு பின்பால்கனி நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவருக்குத் தெரியாது. நான் வருவது பொதுவாக யாருக்கும் தெரியாது. பூனை மாதிரி வந்து நிக்காதடி, நெஞ்சு பதறுது என்று அம்மா திட்டுவாள். கல்லூரி லேபில் ஒருமுறை அட்டெண்டர் என்னை உள்ளே வைத்தே பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மனுசங்க வேலை. இந்த வீட்டில் மனுஷர்கள் நாலு பேர். அம்மா, அண்ணா, அண்ணி, நான். அண்ணா வாஷிங் மெஷின் பக்கமே வருவதில்லை, சட்டையைக் கூடையைப் பார்த்து எறிவான், வெளியே விழுந்தால் விழுந்தபடி கிடக்கும். மெஷின் அண்ணியுடையது, கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது, தன் மெஷினைத் தானே யார் கெடுத்துக்கொள்வார்கள். நான் கெடுக்கவில்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது. யோசனையை அதற்குமேல் போகவிடாமல் டம்ளரை நீட்டினேன். “டீயா பாப்பா, அப்படி வெச்சிட்டுப் போங்க” என்றார். எனக்கு இருபத்து மூன்று வயது, தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன், பாப்பா. தவமணி என்று உள்ளே வரும்போதே பெயர் சொல்லிக்கொண்டு வந்தார், நரைத்த மீசைக்கு மட்டும் மை போட்டிருந்தார், தலைக்குப் போடவில்லை. துவைக்கும் கல்லின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, மெஷினின் மேல்மூடியைக் கழற்றித் தொட்டி மேல் சாய்த்து, உள்ளேயிருந்து எடுத்த பச்சை சர்க்யூட் பலகையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பலகையின் ஓரத்தில், ஒயர்கள் வந்து சேரும் இடத்தில், ஒரு மஞ்சள் கோடு இருந்தது. பட்டன் இருக்கும் பக்கம் சந்தில் இறங்கி, வளைந்து, ஒயர் முனைகளில் தேங்கி நின்று காய்ந்த கோடு. காய்ந்த இடத்தில் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. இலையின் அடியில் நோய் பிடிக்கும்போது இப்படித்தான், முதலில் மஞ்சள், பிறகு அதன் நடுவில் வேறொரு நிறம். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். “தண்ணி” என்றார். “மேலயிருந்து இறங்கியிருக்கு.” நான் சொன்னேன், என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, “மழைச் சாரல் அடிச்சிருக்கும். இந்தப் பக்கம் அடிக்கும்.” அவர் சிரிக்காமல் கேட்டார், “உங்க கருமண்டபம் ஏரியாவுல மழை மஞ்சளாவா பாப்பா பெய்யுது?”

சாரலாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாரல் மேல் யாரும் கோபித்துக்கொண்டு தனிவீடு பார்த்துப் போக மாட்டார்கள். வயலூர் கோயிலில் தாலி கட்டிவிட்டு வந்த அன்று சாயங்காலம் அண்ணா சமையலறையில் வைத்து அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன், நான் கதவுக்குப் பின்னால் கோலமாவு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன், உண்மையில் தேடவில்லை, கையில்தான் வைத்திருந்தேன். “அம்மா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவ மனசு நோகற மாதிரி இந்த வீட்டுல ஏதாவது நடந்துச்சுன்னு வெச்சுக்க, அன்னைக்கே பெட்டியத் தூக்கிருவேன். அப்பறம் அழுவாத.” அம்மா, “நான் என்னடா பண்ணப்போறேன்” என்றாள். பண்ண மாட்டேன் என்று சொல்லவில்லை. என்ன பண்ணப்போறேன் என்றுதான் சொன்னாள். அதை நான் இந்த ஆறு மாதமாக உள்ளே உருட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்பு பெரியம்மாவிடம் போனில் ஒரே ஒருமுறை, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்னாள், “நம்ம ஆளுங்க இல்லதான். என்ன பண்றது. தகப்பன் இல்லாத பிள்ளை, அவன் இஷ்டத்துக்கு விடவேண்டியிருக்கு.” அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரிடமும் எடுக்கவில்லை. எடுக்காததுதான் எனக்குப் பயம். அம்மா ஒன்றைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டால் அது தீர்ந்துவிட்டது என்று அண்ணா நினைக்கிறான். உள்ளே போய்விட்டது என்று நான் நினைக்கிறேன். அண்ணி போய்விடுவாளோ. அண்ணா போனாலும் ஞாயிற்றுக்கிழமை வருவான், அம்மாவுக்கு அவன் பிள்ளை. அண்ணி போனால் போனதுதான். நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க நேரமாகும், பாதியில் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள், இல்லையென்றால் மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். அண்ணி காத்திருப்பாள். கையில் இருக்கும் துணியை மடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, ம், அப்பறம், என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்த வீட்டில் நான் கடைசிவரை சொல்லி முடித்த வாக்கியங்கள் எல்லாம் அவளிடம் சொன்னவை.

மஞ்சள். மஞ்சள் தண்ணீர் எதற்கெல்லாம் தெளிப்பார்கள். தீட்டுக்குத் தெளிப்பார்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தெளிப்பார்கள். ஆகாத கை பட்டால் தெளிப்பார்கள், சின்ன வயதில் பெரியம்மா வீட்டில் பார்த்திருக்கிறேன், எரு வண்டிக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன இடத்தில் பெரியம்மா ஒரு சொம்பில் கலக்கி ஊற்றினாள், அந்த மனிதர் தெருமுனை திரும்பக்கூட இல்லை. அம்மா அப்போது அந்த முற்றத்தில் இருந்தாளா. இருந்தாள். முகம் எப்படி இருந்தது என்று நினைவில்லை, நினைவில் இருக்கவேண்டியது மட்டும் இருப்பதில்லை. அம்மா இங்கே என்ன செய்கிறாள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அண்ணி கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி ஒருமுறை அலசுவாள். “சோப்பு நிக்குது” என்பாள். நான் கழுவினாலும் அலசுவாளா என்று பார்ப்பதற்காக ஒரு வாரம் நானே கழுவினேன். அலசினாள். ஆனால் நான் கவனிக்கிறேன் என்று தெரிந்து அலசினாளோ. அம்மா தன் துணியை இந்த மெஷினில் போடுவதில்லை. நூல் புடவை நைந்துவிடும் என்று சொல்லித் தனி வாளியில் ஊறவைத்துக் கல்லில் கும்மி அலசுகிறாள், மூட்டு வலியோடு. என் துணி உள்ளே போகிறது, அண்ணாவின் துணி உள்ளே போகிறது, அவையும் நூல்தான், நைந்துபோகவில்லை. அண்ணியின் பெயர் கலைமதி. அம்மா ஒருநாளும் கலைமதி என்று கூப்பிட்டதில்லை, மதி என்றும் கூப்பிட்டதில்லை. “ஏம்மா” என்பாள், இல்லையென்றால் “இந்தா”. கீரைக்காரியையும் ஏம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அப்புறம் அந்தப் பொட்டு. ஆயுத பூஜைக்கு முதல் நாள் ராத்திரியே அம்மா சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தோடு வைத்துக்கொண்டு வீடு முழுக்க வந்தாள். மிக்ஸிக்கு வைத்தாள், கிரைண்டருக்கு வைத்தாள், அரிவாள்மணைக்கு, அண்ணாவின் பைக்குக்கு, என் லேப்டாப்பின் மூடியில் என்னைக் கேட்காமலே, கேஸ் அடுப்புக்கு, லைட்டருக்கு, மோட்டார் சுவிட்சுக்குக்கூட வைத்தாள். விரல் நுனியில் மிஞ்சிய குங்குமத்தைத் தன் தாலியில் ஒற்றிக்கொள்ள அப்பா இல்லாததால் சுவர்க் காலண்டர் ஆணியில் துடைத்தாள். பின்பால்கனி வரைக்கும் போனாள், துடைப்பத்தை நகர்த்தி வைத்தாள், திரும்பி வந்துவிட்டாள். மெஷினுக்கு வைக்கவில்லை. நான் பார்த்தேன். மறந்துவிட்டாளா என்று நினைத்தேன். லைட்டரை மறக்காதவள் அவ்வளவு பெரிய வெள்ளைப் பெட்டியை மறப்பாளா. அந்த மெஷினுக்கு ஒரு பொட்டு வேண்டாம், ஆனால் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் வேண்டும், அதுதானா. அண்ணி வேலைக்குப் போனபின், நான் நூலகம் போனபின், கதவைச் சாத்திவிட்டு, யாரும் பார்க்காமல். அதற்குப் பிறகுதானே மெஷின் கெட்டது. மத்தியானத்தில் பக்கத்தில் யாருமே இல்லாதபோது தானாகவே பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. “யாரோ கூப்பிடற மாதிரியே இருக்குடி, போய்ப் பாரேன்” என்று அம்மா என்னை அனுப்பினாள், தான் போகவில்லை. அப்போதே எனக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

தவமணி பழைய பல்துலக்கும் பிரஷ் கேட்டார், கொடுத்தேன். ஒரு புட்டியிலிருந்து தின்னரை மூடியில் ஊற்றி அதில் தொட்டுப் பச்சையைத் தேய்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறி மண்டைக்குள் போய் நின்றது, அண்ணி நகப்பூச்சு அழிக்கிற வாசனை. “இது எப்ப ஊத்துனதுன்னு யாருக்காவது தெரியுமா பாப்பா?” நான் தலையை ஆட்டினேன், ஆம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெளிவில்லாத ஆட்டல். அவர் பார்வையைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். அங்கே அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பை உருவும் சத்தம் இவ்வளவு நேரம் வந்துகொண்டிருந்தது, இப்போது நின்றிருந்தது. அது எப்போது நின்றது என்று நான் கவனிக்கத் தவறிவிட்டேன். “எதுக்குக் கேக்குறேன்னா, வெறும் மஞ்சள்னா தின்னரே போதும். சில வீட்டுல கல்லுப்பும் போட்டுக் கலக்குவாங்க. உப்பு போட்டிருந்தா உள்ளுக்குள்ளயே திங்கும், இன்னிக்கி ஓடும், பத்து நாள்ல மறுபடி என்னைக் கூப்பிடுவீங்க. அதுக்கு வேற மாதிரி கழுவணும்.” பிறகு குரலை உயர்த்தி, சிரிப்போடு, “ஏம்மா, உப்பு போட்டீங்களா?” என்று நேராக அம்மாவைக் கேட்டுவிட்டார். கேட்கக்கூடாததை எல்லாம் வெளியாட்கள் எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். ஆறு மாதமாக நான் வாயைத் திறந்து கேட்காததை, உப்பு என்று ஒரு சொல்லை வைத்துக் கேட்டுவிட்டார். பூஜை என்றால் உப்பு போடமாட்டார்கள். கழிக்கிறது, தீட்டைப் போக்குகிறது என்றால்தான் உப்பு. அம்மா கீரையை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தாள். “நான் என்னத்த தம்பி போட்டேன்? எனக்கு அந்த மிஷின்ல எது எங்க இருக்குன்னே தெரியாது.” சாதாரணக் குரல். மிகவும் சாதாரணமான குரல். அப்பா இறந்த செய்தியை மாமாவுக்குச் சொன்னபோது வந்த குரல். எது நடந்தாலும் அம்மாவுக்கு இந்த ஒரு குரல்தான், அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவள் பால்கனிக்கு வந்தாள். பலகையைப் பார்த்தாள். குனிந்து, கண்ணாடி இல்லாததால் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். மஞ்சள் கோட்டைப் பார்த்ததும் அவள் கண்ணில் என்ன வந்தது என்று நான் பார்க்க முயன்றேன், ஆனால் அவள் என்னைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். ஏன் என்னை. நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று பார்க்கிறாளா. “அதை மொதல்ல நல்லாத் துடைச்சிருங்க தம்பி” என்றாள். “அவ வர்றதுக்குள்ள.”

அவ வர்றதுக்குள்ள. இன்று சனிக்கிழமை, அண்ணிக்கு லேபில் பாதி நாள். ரத்தம் எடுக்கிற வேலை, குழந்தைகள்கூட அவளிடம் அழாமல் கை நீட்டும் என்று அங்கே சொல்வார்களாம். சாப்பாட்டு நேரத்துக்குள் ஸ்கூட்டி சத்தம் வரும். அதற்குள் துடைத்துவிடவேண்டும் என்கிறாள் அம்மா. ஊற்றியவர்களுக்குத்தானே துடைக்கத் தோன்றும். “காயவெக்கணும், ஹேர் டிரையர் இருக்கா?” என்று தவமணி கேட்டார், அது அண்ணியின் அறையில் இருந்தது, எடுக்கப் போனேன், போவதற்கு ஒரு காரணம் கிடைத்தது நிம்மதியாக இருந்தது. அந்த அறை ஒருகாலத்தில் என் அறை. இப்போது உள்ளே போகும்போது யாரும் இல்லாவிட்டாலும் கதவைத் தட்டிவிட்டுப் போகிறேன். மல்லிகையும் டெட்டாலும் கலந்த வாசனை. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் டிரையர் இருந்தது. எடுத்துத் திரும்பும்போதுதான் கட்டிலைப் பார்த்தேன். பெரிய நீலப் பை கட்டிலின் மேல் திறந்து கிடந்தது. கல்யாணத்தன்று அவள் கொண்டுவந்த பை. கட்டிலுக்கு அடியில் இருக்கவேண்டிய பை. உள்ளே மடித்த சுடிதார்கள், அண்ணாவின் வேட்டி ஒன்று, ஓரத்தில் செருகிய சார்ஜர். நின்றுவிட்டேன். தலைதீபாவளிக்குத் திருவெறும்பூரில் அவள் அப்பா வீட்டுக்குப் போகவேண்டும், அதற்காக இருக்கும். ஆனால் தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கிறதே. இவ்வளவு முன்னால் யார் அடுக்குவார்கள். அண்ணி அடுக்குவாள், அவள் எல்லாவற்றையும் முன்னதாகவே செய்கிறவள். இல்லை, அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தன் மெஷின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றப்பட்டது தெரியும், பார்த்திருப்பாள், வாசனை பிடித்திருப்பாள், எதுவும் சொல்லாமல் அண்ணாவிடம் மட்டும் ராத்திரி சொல்லியிருப்பாள். நேற்று ராத்திரி அவர்கள் அறையில் பேச்சு நீண்ட நேரம் கேட்டது. சிரிப்பும் கேட்டது, ஆனால் சிரிப்பை வைத்து என்ன சொல்லமுடியும். பையின் ஜிப்பை மூடிவிடலாமா என்று கை போனது. மூடினால் நான் பார்த்தது தெரிந்துவிடும். மூடாவிட்டால் அம்மா பார்த்துவிடுவாள். அம்மா பார்த்தால் என்ன செய்வாள், நிம்மதிப்படுவாளா, அழுவாளா. எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருபத்து மூன்று வருஷம் ஒருத்தியைக் கவனித்துக்கொண்டே இருந்துவிட்டு, இந்த ஒன்று எனக்குத் தெரியாது என்பது கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்த்தபோது அசிங்கமாக இருந்தது. டிரையரின் ஒயர் பின்னால் தரையில் இழுபட, வந்துவிட்டேன்.

அம்மா நடையிலேயே என்னை மறித்தாள். கையில் கீரை ஒட்டியிருந்தது. “நீ ஊத்துனியாடி?” என்றாள், உதடு அசையாமல். நானா. எதற்கு நான். “இல்லம்மா.” “நெசமா?” “நான் எதுக்கும்மா ஊத்தப்போறேன்?” அவள் என் கண்ணை மாறி மாறிப் பார்த்தாள், இடது, வலது. நான் பொய் சொன்னால் எந்தக் கண்ணில் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்போல. திருடினவளே திருடனைத் தேடுகிற மாதிரி நடிக்கிறாள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, தோன்றிய உடனே நாக்கில் கசந்தது, ஆனால் தோன்றியது தோன்றியதுதான். “அப்ப யாரு?” என்றாள். என் பேசாமையை அவள் படித்துவிட்டாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவள் முகம் மெதுவாக மாறியது, அடுப்பில் வைத்த பால் மேலே ஏறுவதற்கு முன்பு ஒரு கணம் அசையாமல் நிற்குமே, அப்படி. “நானுன்னு நெனைக்கிறியா” என்றாள். கேள்வியாக இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும், ஒரு சொல்தான், சின்னச் சொல், அண்ணியாக இருந்தால் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பாள். அம்மா காத்திருக்கவில்லை. “நீயே நெனைக்கறப்ப அவ நெனைக்க மாட்டாளா? அதான் துடைக்கச் சொன்னேன்” என்றாள். போய்விட்டாள். கீரை உருவும் சத்தம் மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக. நான் டிரையரைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றேன். அதான் துடைக்கச் சொன்னேன். அப்படியானால் அவள் இல்லை. இல்லை, அப்படிச் சொல்வதற்கும் அவளுக்குத் தெரியும். அவள் இல்லையென்றால் பொட்டு? பொட்டு வைக்கவில்லையே, அதை நான் கண்ணால் பார்த்தேனே. அது அவள்தானே. ஒன்று பொய்யானால் இன்னொன்றும் பொய்யாகிவிடுமா. பாத்திரம் அலசுவது, தனி வாளி, ஏம்மா, இந்தா. இத்தனையையும் ஒரு நூலில் கோத்து வைத்திருந்தேன், மஞ்சள் அதற்கு முடிச்சு. இப்போது முடிச்சு அவிழ்கிறமாதிரி இருந்தது, ஆனால் மணிகள் கீழே உருண்டு போகவில்லை, அங்கங்கேயே இருந்தன. பால்கனியிலிருந்து, “பாப்பா, டிரையர் கேட்டேனே, மெட்ராஸ் போயி வாங்கியாறீங்களா?” என்று சத்தம் வந்தது.

துடைத்துக்கொண்டுதான் இருந்தார். பச்சை போய்ச் செம்பு தெரிந்தது. மஞ்சள் மட்டும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது, பலகையின் மேல் பூசியிருக்கிற பசைக்குள் ஊறிவிட்டதாம். “இது ஓடறதுக்கு ஒண்ணும் கெடுதல் இல்ல, கெடந்துட்டுப் போகுது” என்றார். கெடந்துட்டுப் போகக்கூடாது என்று எனக்கு இருந்தது. பிரஷை வாங்கி நானே தேய்க்கலாமா. அவர் டிரையரைப் போட்டதும் சூடான காற்றும் இரைச்சலும் பால்கனியை நிறைத்தன, அந்த இரைச்சலில் ஸ்கூட்டி வந்த சத்தம் கேட்கவில்லை, மாடிப்படி ஏறிய சத்தம் கேட்கவில்லை. அவர் டிரையரை நிறுத்தியபோது அண்ணி என் பின்னால் நின்றிருந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டிருந்தாள். “ஆயிடுச்சாண்ணே?” என்று எட்டிப் பார்த்தாள். நான் நகர்ந்து மறைத்தேன். அகலம் இல்லாத உடம்பு எனக்கு. அவள் என் தோளுக்கு மேலாக அந்தப் பலகையைப் பார்த்தாள், மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். சமையலறையில் கீரைச் சத்தம் நின்றது. இந்த முறை அது நின்ற கணம் எனக்குத் தெரிந்தது. அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றினாள், முடி நெற்றியில் வியர்வையோடு ஒட்டியிருந்தது, கழற்றிய கையால் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். இதோ, என்று நினைத்தேன். பை, போன், அண்ணா, டெம்போ, காலியாகிற அறை, மறுபடி அது என் அறை, அதில் நான் யாரிடமும் எதையும் சொல்லி முடிக்காமல். “ஐயய்யோ” என்றாள் அண்ணி. “உள்ள வரைக்குமா போயிருச்சு? நான்தாண்ணே ஊத்துனேன்.”

தவமணி டிரையரைக் கீழே வைத்தார். “நீங்களா? ஏம்மா, வாஷிங் மெஷினுக்கு வெளியிலயாம்மா குளிப்பாட்டுவாங்க?” அண்ணிக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. “எங்கப்பா வாட்டர் சர்வீஸ் வெச்சிருக்காருண்ணே, திருவெறும்பூர்ல. ஆயுத பூஜைன்னா கம்ப்ரசரு, மோட்டரு, சர்வீஸுக்கு வந்த வண்டி எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி. நாந்தான் ஊத்துவேன், சின்ன வயசுலேர்ந்து. அந்தக் கை நெனப்புல இதுக்கும் விடியக்காலையில ஊத்திட்டேன்.” “கம்ப்ரசர் தாங்கும்மா. இது குழந்தை மாதிரி, தலைக்குத் தண்ணி ஊத்துனா காய்ச்சல் வந்துரும்” என்றார் அவர். “உப்பு போட்டீங்களா?” “பூஜைக்கு யாருண்ணே உப்பு போடுவா?” அம்மா நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். “நான்தான் அன்னிக்கி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேனே” என்றாள். அந்த ஒரே குரல், ஆனால் முடிகிற இடத்தில் கொஞ்சம் தேய்ந்தது. கீழ்வீட்டில் குக்கர் கத்தியது. அண்ணி ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். “இதுக்கு மறந்துட்டீங்கபோல அத்தை” என்றாள். “அதான் நானே.” மறந்துட்டீங்கபோல. நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதை எங்கிருந்து எடுத்தாள். விடியக்காலையில் எழுந்து, வீட்டில் லைட்டருக்குக்கூட பொட்டு இருப்பதையும் இதற்கு மட்டும் இல்லாததையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல், யாரையும் எழுப்பாமல், சொம்பில் மஞ்சள் கரைத்திருக்கிறாள். அம்மா ஊற்றாததை நான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன், அம்மா வைக்காத பொட்டை அவள் பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். பை. அந்தப் பையைப் பற்றி இப்போது கேட்கலாமா. வேண்டாம். அம்மா பதில் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், ஆமாம் மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை, அண்ணி அதற்குத்தான் இடம் விட்டிருந்தாள், எனக்கு விடுவதுபோலவே அம்மாவுக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மா அந்த வார்த்தையை எடுத்துக்கொள்ளவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். மறக்கவில்லை என்று அர்த்தமா. அர்த்தம்தான். அவள் மறக்கவில்லை, அதை மறந்தேன் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை.

தவமணிக்கு இதெல்லாம் தெரியாது. பலகையை அதன் இடத்தில் வைத்து, ஒயர்களைச் சொருகி, மேல்மூடியைத் திருகினார். சுவிட்சைப் போட்டதும் மெஷின் ஒரே ஒருமுறை கூவிவிட்டு அமைதியானது, பட்டன் வரிசையில் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. “சும்மா சுத்துனா தெரியாது. ரெண்டு துணி போடுங்க, ஒரு ஓட்டம் பாத்துட்டுப் போயிடறேன்.” அண்ணி மூலையில் இருந்த கூடையைத் தூக்கினாள். தன் வெள்ளை லேப் கோட்டை, ஒரு சுடிதாரை, துப்பட்டாவை, அண்ணாவின் பனியனை உள்ளே போட்டாள். அம்மா உள்ளே போய்விட்டாள். படுத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன், பதில் இல்லாதபோது அவள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள், பிறகு சாயங்காலம்வரை தலைவலி. நான் போய்ப் பார்க்கவேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவு திறந்த சத்தம் வந்தது, வாளியின் கைப்பிடி அதன் விளிம்பில் விழுகிற சத்தம் வந்தது. மூட்டு வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் தளும்ப, அம்மா தன் தனி வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். காலையில் ஊறவைத்த நூல் புடவை அதில் இருந்தது, உள்பாவாடை இருந்தது. “கொஞ்சம் தள்ளு மதி” என்றாள். அண்ணி தள்ளினாள். அம்மா புடவையை வாளியிலிருந்து உருவிப் பிழிந்தாள், அண்ணியின் துணிகளுக்கு மேல் வைத்தாள், உள்பாவாடையையும் வைத்தாள், இரண்டு கையாலும் எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே அமுக்கிவிட்டு மூடியைச் சாத்தினாள்.